பைபோலார் உள்ளவர்களுக்கு வரும் உடல்நோய்கள்: காரணம் நோயா, மருந்தா?

கேள்வி இதுதான். இருதுருவ மனநோய்க்கு, அதாவது பைபோலாருக்கு, சில ஆண்டுகளாக மருந்து எடுத்துவரும் ஒருவருக்கு மனநிலை இப்போது சீராக இருக்கிறது. ஆனால் எடை கூடிவிட்டது, ரத்தச் சர்க்கரையும் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது. இதற்கெல்லாம் மருந்துதான் காரணமா, அப்படியென்றால் மருந்தை நிறுத்திவிடலாமா என்று குடும்பத்தினர் கேட்கிறார்கள். மருந்துக்கும் இதில் பங்கு உண்டு, நோய்க்கும் பங்கு உண்டு என்பதே நேர்மையான பதில். தாமாக நிறுத்திவிடுவது மட்டும் எந்த நிலையிலும் தீர்வாகாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பிரச்சினையின் அளவைப் பார்ப்போம். பைபோலார் என்றதும் எல்லோரும் அஞ்சுவது தற்கொலையைத்தான். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் இந்நோய் உள்ளவர்களின் ஆயுளைக் குறைப்பதில் இதயநோய், நீரிழிவு, நுரையீரல் நோய், தொற்றுகள் போன்ற வழக்கமான உடல்நோய்களுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. ஸ்வீடன் நாட்டின் மக்கள்தொகைப் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பைபோலார் உள்ள பெண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 9 ஆண்டுகளும் ஆண்கள் 8.5 ஆண்டுகளும் முன்னதாக இறந்தது தெரியவந்தது. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. என் பார்வையில் முந்தையதைவிட முக்கியமானது அதுதான். இதயநோயோ நீரிழிவோ தமக்கு இருப்பது முன்கூட்டியே கண்டறியப்பட்டிருந்த பைபோலார் நோயாளிகளுக்கு, அந்த நோய்களால் இறக்கும் அபாயம் மற்றவர்களுடைய அபாயத்தைப் பெருமளவு நெருங்கியிருந்தது. கண்டறியப்படாமலேயே இருந்தவர்களிடம்தான் இடைவெளி மிக அதிகம். அப்படியென்றால், இந்த உயிரிழப்புகளில் கணிசமானவற்றுக்கு அடிப்படைக் காரணம் யாரும் அளந்து பார்க்காததுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படியுங்கள்.

நோயே உடலை எப்படிப் பாதிக்கிறது? மனச்சோர்வுக் கட்டத்தில் உடலுழைப்பு ஏறத்தாழ நின்றுபோகிறது. உறக்கமும் பசியும் தாறுமாறாகின்றன. மனம் அளவுமீறிக் கிளர்ந்தெழும் மேனியாக் கட்டத்தில் பல நாள்கள் உறக்கமே இருப்பதில்லை. மது, புகை, அளவுமீறிய செயல்பாடு ஆகியவை கூடுகின்றன. ஏற்கெனவே உள்ள ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் எடுக்கும் மாத்திரைகள் மறக்கப்படுகின்றன. இவற்றுக்கு அப்பால், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் சுரப்பிலும் உடலின் அழற்சிக் குறியீடுகளிலும் இந்நோயாளிகளிடம் மாற்றங்கள் காணப்படுகின்றன. நோய்க்கட்டம் தீவிரமாக இருக்கும்போது அவை கூடுதலாகின்றன. இளவயதினரிடமே இந்த ஆபத்து தொடங்கிவிடுகிறது என்பதால்தான், அமெரிக்க இதயச் சங்கம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், பதின்வயதில் வரும் பைபோலாரையும் கடும் மனச்சோர்வையும் ரத்தநாளங்கள் முன்கூட்டியே தடித்துப்போவதற்கான இடர்க்காரணிகளாகக் கருத வேண்டும் என்று பரிந்துரைத்தது. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை சேர்ந்து கெடும் நிலையை வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி என்பார்கள். பைபோலார் உள்ளவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது இருக்கிறது. ஒற்றைத் தலைவலி, தைராய்டு கோளாறுகள், உறக்கத்தில் மூச்சு நின்றுநின்று வருவது ஆகியவையும் இவர்களிடம் மிகுதி. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதே இல்லை. பலத்த குறட்டையும் பகலில் தீராத தூக்கமும் இருந்தால், அதை மாத்திரையின் மயக்கம் என்று ஒதுக்கிவிடாமல் உறக்கப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கெட்ட உறக்கம் இந்நோயில் அடுத்த மேனியாவுக்கும் வழி திறந்துவிடும்.

இனி மருந்துகளுக்கு வருவோம். எடை, சர்க்கரை, கொழுப்பு என்று பார்த்தால் முதலில் நிற்பவை, மனப்பிறழ்வுக்கும் மேனியாவுக்கும் தரப்படும் ஆன்ட்டிசைக்காட்டிக் வகை மருந்துகள். அவற்றுள்ளும் எல்லாம் ஒன்றல்ல. குளோசபினும் ஓலன்சபினும் எடையை மிக அதிகமாகக் கூட்டக்கூடியவை. குவெட்டியபினும் ரிஸ்பெரிடோனும் நடுவில் நிற்கின்றன. அரிப்பிப்ரசோல், லுராசிடோன், சிப்ரசிடோன் ஆகியவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைவு. ரிஸ்பெரிடோனுக்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும் இயல்பும் உண்டு. அதனால் மாதவிடாய் நின்றுபோகலாம், மார்பில் பால் சுரக்கலாம், பாலுறவு நாட்டம் குறையலாம். கூச்சத்தால் சொல்லாமலே பலர் மருந்தை விட்டுவிடுவது இந்தக் காரணத்தால்தான். தயவுசெய்து சொல்லுங்கள், இதற்கு மாற்று உண்டு.

எடை கூடுவது பெரும்பாலும் தொடக்க வாரங்களிலேயே தெரிந்துவிடும். முதல் மாதத்திற்குள் உடல் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் கூடினால், பின்னரும் நிறையக் கூடும் என்பதற்கான வலுவான முன்னறிவிப்பாக அதைக் கொள்ளலாம். எனவே மருந்து தொடங்கும் நாளில் எடையும் இடுப்புச் சுற்றளவும் குறித்துவைக்கப்பட வேண்டும். முதல் மூன்று மாதங்களில் மாதந்தோறும் எடை பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலும், ஏறத்தாழ 12 வாரங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பார்க்க வேண்டும். எடை கூடாமலேயே சர்க்கரை ஏறுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், ஒல்லியாக இருக்கிறார் என்று பரிசோதனையைத் தவிர்ப்பது சரியல்ல. எடை கூடிவிட்டால் உணவையும் நடையையும் மட்டும் சொல்லி அனுப்பிவிடுவதும் போதாது. இந்த மருந்துகள் பசியையே மாற்றுகின்றன. நோயாளியின் மன உறுதிக்குறைவு அன்று அது. வேறு மருந்துக்கு மாறுவது, நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மினைச் சேர்ப்பது போன்ற வழிகள் மருத்துவரிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியத்தைப் பற்றித் தனியாகவும் நீளமாகவும் பேச வேண்டும். மக்கள் மிகவும் அஞ்சும் மருந்து இதுவே. இந்நோயில் மிக நீண்ட காலச் சான்று கொண்ட மருந்தும் இதுவே. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவில் இதன் பயனை வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில், உப்பைத் தவிர்க்க வேண்டிய இதயநோயாளிகளுக்குச் சாதாரண உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு அளவின்றி விற்கப்பட்டு, நச்சாகிச் சிலர் இறந்ததும் நடந்தது. அந்தத் துயரத்தில் இந்த மருந்தின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறத்தாழ ஒரே விதமாகக் கையாள்கிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தை இழக்காமல் பிடித்துவைக்க முயலும். கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். விளைவாக, மாத்திரையின் அளவு மாறாமலேயே ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

நீண்டகாலச் சிகிச்சையில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை என்ற அளவு இலக்காகக் கொள்ளப்படுகிறது. 1.5ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் எதிர்பார்க்கப்படும். 2ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பயன்தரும் அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடையில் இவ்வளவு சிறிய இடைவெளியே இருப்பதால்தான் ரத்தப் பரிசோதனை இத்தனை வற்புறுத்தப்படுகிறது. கடைசி மாத்திரை எடுத்துச் சுமார் 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு உடனே சோதனைக்குப் போனால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், நிலைபெற்ற பின் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் அளவு பார்ப்பது வழக்கம். முதியவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் கால்சியம்தான் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகளை லித்தியம் தூண்டிக் கால்சியத்தை உயர்த்தலாம். அதனால் வரும் களைப்பும் மலச்சிக்கலும் மந்தமும் பார்ப்பதற்கு மனச்சோர்வைப் போலவே இருக்கும்.

தைராய்டு குறைவும் அப்படித்தான். லித்தியம் எடுப்பவர்களில், குறிப்பாகப் பெண்களிடம், தைராய்டு சுரப்பு குறைவது அடிக்கடி காணப்படுவது. எடை கூடும், கொலஸ்ட்ரால் ஏறும், உடல் சோரும். மனச்சோர்வு திரும்பிவிட்டது என்று நினைத்து மனநல மருந்தைக் கூட்டும் தவறும் நேரும். தைராக்சின் மாத்திரை கொடுத்தால் இது சரியாகிவிடும். இதற்காக லித்தியத்தை நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை.

சிறுநீரகத்தைப் பற்றிய அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது, ஆனால் அது மிகைப்படுத்தப்படுகிறது. அதிகத் தாகமும் அதிகச் சிறுநீரும் பலருக்கு வருகின்றன. பல்லாண்டுகள் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு மெல்லக் குறையலாம். ரத்த அளவு நீண்டகாலம் உயர்ந்திருந்தவர்களுக்கும், ஒரு முறையாவது நச்சுநிலைக்குப் போனவர்களுக்கும் அபாயம் கூடுதல். ஆகவே பயன்தரும் மிகக் குறைந்த அளவில் வைத்திருந்து, கிரியாட்டினின் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்துவந்தால், பெரும்பாலானவர்கள் இதைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முடியும்.

லித்தியம் எடுப்பவர் வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது, எந்த மாத்திரைகள் அதனோடு சேரக்கூடாது என்பது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்ற வலிநிவாரணிகள் லித்தியத்தை உயர்த்துகின்றன. மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் கிடைப்பதால் இவற்றில்தான் ஆபத்து அதிகம். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் பாதுகாப்பானது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவையும், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சிறுநீர்ப்பெருக்கிகளும் லித்தியத்தை உயர்த்துபவையே. இவை அறவே கூடாதவை என்பதல்ல. சேர்க்க வேண்டியிருந்தால் லித்தியத்தின் அளவைக் குறைத்து, ரத்த அளவை நெருக்கமாகப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு எழுதும் மருத்துவருக்கு லித்தியம் எடுப்பது தெரியாமல் போவதால்தான் விபத்து நேர்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல், மிகையான வியர்வை ஆகியவை வந்தாலும் இதே நிலைதான். அன்றே மருத்துவரைத் தொடர்புகொண்டு, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். கை நடுக்கம் முன்னைவிடக் கரடுமுரடாவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, குழப்பம், தொடர்வாந்தி ஆகியவை நச்சுநிலையின் அறிகுறிகள். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். உடல் இளைப்பதற்காக உப்பைத் திடீரென்று முழுவதும் விட்டுவிடும் உணவுமுறைகளும் லித்தியத்தோடு ஒத்துவராதவை.

மனநிலையைச் சீராக்கும் மற்ற மருந்துகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வால்புரோயேட் எடையைக் கூட்டும். கல்லீரலையும் கணையத்தையும் அரிதாகத் தாக்கும். ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கலாம். இளம்பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையைக் கொண்டுவரலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கருவுக்கான ஆபத்து. கர்ப்ப காலத்தில் இதை எடுத்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பத்தில் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு அறிவு, மொழி வளர்ச்சியில் பாதிப்பு ஏற்படுகிறது. கருவுறும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு, வேறு வழியே இல்லை என்ற நிலையிலன்றி, இம்மருந்தைத் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே எடுப்பவர் கருவுற்ற பின் அஞ்சுவதைவிட, திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

கார்பமசெபின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டுவதால் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகள் முதலியவற்றின் வலுவைக் குறைத்துவிடும். ரத்தத்தில் சோடியமும் குறையலாம். ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் காணப்படும் ஹெச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருந்தால், உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினை வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே மருந்து தொடங்குமுன் அந்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. லாமோட்ரிஜின் எடையையோ சர்க்கரையையோ பெரிதாகத் தொடுவதில்லை என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் வேகமாக அளவு கூட்டினால் கடுமையான தோல் எதிர்வினை வரலாம் என்பதால் 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுகிறார்கள். வால்புரோயேட் உடனிருந்தால் அதிலும் பாதி. ஐந்து நாள்களுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மீண்டும் போட்டுக்கொள்ளாமல், மறுபடி தொடக்க அளவிலிருந்து வர வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் லாமோட்ரிஜினின் ரத்த அளவை ஏறத்தாழ பாதியாக்கிவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது: உடல்நோய்க்கான மருந்து மனநிலையைக் குலைப்பது. ஆஸ்துமாவுக்கோ மூட்டு அழற்சிக்கோ தரப்படும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் மேனியாவைத் தூண்டக்கூடியவை; நாளொன்றுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டும்போது மனநிலைப் பாதிப்பு வெகுவாகக் கூடுகிறது. நரம்பு வலிக்கு எழுதப்படும் அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் ஆகியவை அடிப்படையில் மனச்சோர்வு மருந்துகள். அவையும் பைபோலார் உள்ளவரை மேனியாவுக்குத் தள்ளலாம். ஸ்டீராய்டு தேவைப்படும் நேரத்தில் அதை மறுக்கச் சொல்லவில்லை. எழுதும் மருத்துவருக்கு நோய் தெரிந்திருந்தால், மனநல மருத்துவரோடு பேசி முன்னேற்பாடு செய்ய முடியும் என்பதற்காகவே சொல்கிறேன்.

புகைபிடிப்பதை விடுவது இதயத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை. பைபோலார் உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். புகையை விட்டால் மனம் குலைந்துவிடும் என்று பயந்து மருத்துவர்களே அதைத் தொடாமல் விட்ட காலமும் உண்டு. 2016இல் வெளியான ஈகிள்ஸ் ஆய்வில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள். புகையை விட உதவும் மருந்துகளான வரெனிக்ளினும் புப்ரோபியோனும், மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிடும்போது கடும் மனநலப் பாதிப்புகளைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை என்று அது காட்டியது. இருப்பினும் புப்ரோபியோன் மனச்சோர்வு மருந்தும் ஆகையால் பைபோலாரில் அதைக் கவனத்தோடுதான் தர வேண்டும். மற்றொரு நுணுக்கமும் இருக்கிறது. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் ஓலன்சபினையும் குளோசபினையும் கல்லீரல் வேகமாக அழிக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்த மருந்துகளின் ரத்த அளவு உயரும். நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கொண்டாலும் இது மாறாது. ஆகவே புகையை விடும் நாளை முன்கூட்டியே மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு இப்போது திரும்பலாம். நிறுத்தினால் எடை சற்றுக் குறையக்கூடும். ஆனால் மனநிலை குலைந்து மீண்டும் ஒரு மேனியாவோ மனச்சோர்வோ வந்தால், அது கொண்டுவரும் உறக்கமின்மையும் உணவுக் குழப்பமும் மற்ற மாத்திரைகள் விட்டுப்போவதும் இதயத்தையும் சர்க்கரையையும் இன்னும் மோசமாக்கும். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தியவர்களிடம் மேனியா விரைவில் திரும்புவதும், தற்கொலை அபாயம் கூடுவதும் பதிவாகியிருக்கின்றன. நிறுத்தியே ஆக வேண்டிய நிலையிலும் குறைந்தது நான்கு வாரங்களில், முடிந்தால் மூன்று மாதங்கள் வரை எடுத்துக்கொண்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றே, சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் வீட்டவருக்கு மனநிலை சீராக இருக்கிறது என்பது பெரிய செல்வம். அதைக் காப்பாற்றிக்கொண்டே உடலையும் காப்பாற்றும் வழிகள் பல உள்ளன: அதே மருந்தின் அளவைக் குறைப்பது, எடையைக் குறைவாகப் பாதிக்கும் மருந்துக்கு மெதுவாக மாறுவது, இரண்டு மருந்துகளுக்கு ஒன்றே போதுமா என்று பார்ப்பது, சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மற்றவர்களுக்குத் தருவதைப் போலவே தயக்கமின்றிச் சிகிச்சை தருவது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோ ரத்த அழுத்த மருந்தோ தேவைப்படும் எண்கள் இருந்தும், மனநோயாளி என்பதாலேயே அது எழுதப்படாமல் போவது இன்றும் நடக்கிறது. எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம் இதுதான். நெஞ்சுவலி என்று போனவரிடம் பதற்றம் என்றும், மூச்சுத்திணறல் என்று போனவரிடம் மனப்பிரமை என்றும் சொல்லி அனுப்பிவிடுவது அதன் இன்னொரு முகம்.

ஆகையால் அடுத்த சந்திப்புக்குப் போகும்போது எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும், கடையில் தாமாக வாங்கும் வலிமாத்திரை உட்பட, ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதன் பின்பக்கத்தில் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், தைராய்டு ஆகியவற்றின் கடைசி எண்களைத் தேதியோடு குறியுங்கள். லித்தியம் என்றால் அதன் ரத்த அளவையும் கால்சியத்தையும் சேருங்கள். எந்த எண் இல்லையோ அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். மனநல மருத்துவருக்கும் பொது மருத்துவருக்கும் காட்டுவது ஒரே தாளாக இருக்கட்டும். உடல் எண்களை இனி தொடர்ந்து பார்க்கும் பொறுப்பு தங்கள் இருவரில் யாருடையது என்று இருவரிடமும் நேராகவே கேட்டுவிடுங்கள்.